ஒதுக்கிய குட்டிகள்

வீட்டில் அவளுக்கு எலியத்தை என்றுதான் பெயர். வைத்தது அண்ணன் மகள். பேச ஆரம்பித்த புதிதில், "அத்தை எங்கே போறாங்க?" என்று கேட்டால் "எலிகிட்ட" என்று சொல்ல யாரோ பழக்கிவிட்டார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வருஷக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்து வாங்கிய டாக்டர் பட்டத்தை அந்த வீட்டில் ஒருத்தரும் சீண்டவில்லை. அண்ணன் "எலி" என்று கூப்பிட்டான். அண்ணி நல்ல மூடில் இருந்தால் "எலி டாக்டர்" என்பாள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்து என்ன பண்ண? எலியோடுதானே குப்பை கொட்டுகிறாள்!

ஆராய்ச்சிக் கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் அந்த அறை. உள்ளே போவது லேசுப்பட்ட காரியமில்லை. செருப்பை மாற்றவேண்டும், அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் போடவேண்டும், விர்ரென்று காற்றடிக்கும் ஒரு சின்னக் கூண்டுக்குள் நின்று தூசியை உதறவேண்டும். கல்யாணப் பெண்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொள்ளமாட்டாள். உள்ளே போனால் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தெள்ளத்தெளிவான பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்குள் மரச்சீவல் மெத்தையில் சுண்டெலிகள். எல்லாம் அவள் வளர்த்தவை. வளர்த்தவை என்பதைவிட, அவள் அண்ணனுக்காகப் பிறந்தவை என்று சொல்லலாம்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கணையத்தில் நோய். கணையம் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிற உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற சாறு அங்கேதான் சுரக்கிறது. அது குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்கவேண்டும். சிலருக்கு அந்தச் சாறு அவசரக்குடுக்கையாக நடுவழியிலேயே விழித்துக்கொள்கிறது. விழித்தால் சும்மா இருக்குமா? தான் பிறந்த இடத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே கிளம்பி முதுகு வரைக்கும் குத்திக்கொண்டு போகும். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எட்டு மாடி உயரத்துக் குழிக்குள் பயமில்லாமல் இறங்குகிற ஆள், அந்த வலி வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவான்.

வலியாவது வந்து போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே, "குடிப்பீங்களா?" என்பதுதான். கேட்கிறவர்கள்மேலும் தப்பில்லை. இந்த நோவு குடிகாரர்களுக்குத்தான் நிறைய வருகிறது. "இல்லை" என்பான் அண்ணன். டாக்டர் அவனைப் பார்ப்பார், அப்புறம் பக்கத்தில் நிற்கிற அண்ணியைப் பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, ஊசியைவிட மோசம். போதாக்குறைக்கு இவர்களுடைய அப்பா இதே மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்தவர். அவர் குடித்தது உண்மை. ஊரறிந்த உண்மை. அதனால் மகனும் குடிக்கிறான் என்று எல்லாரும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அண்ணி முதலில் நம்பினாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும் நம்பினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் சட்டையில் ஸ்பிரிட் வாடை. லிஃப்டின் மின்முனைகளைத் துடைக்கிற ஸ்பிரிட் அது. அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். அவள் காதில் ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகும்போது எலியத்தையிடம் சொன்ன வார்த்தை இது: "உன் அண்ணன் ரத்தத்துல ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்குன்னு சொன்னேல்ல, அதை எலிக்கு வச்சுப் பார்க்கிறேன்னு சொன்னியே. பாரு. எலிக்கு ஊத்திக் கொடுக்க யாரும் இல்லை. அதுக்கும் நோவு வந்துச்சுன்னா, நான் திரும்பி வர்றேன்."

அந்த எழுத்துதான் விஷயம். அண்ணனின் மரபணுவில், அந்தச் செரிமானச் சாற்றைச் செய்யும் இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அது இருந்ததாகத் தெரியவில்லை. குற்றவாளியா, சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதே எழுத்தை ஒரு எலியின் மரபணுவில் மாற்றி, அதன் வம்சத்தை வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எலியத்தை தன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது இல்லை. அண்ணன் மகளுக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்த எழுத்து கெட்டதா நல்லதா என்றே தெரியாதபோது, குழந்தையை எதற்குக் குத்தவேண்டும் என்று அண்ணன்தான் தடுத்துவிட்டான்.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். கறாரான மனுஷி. "உன் வீட்டு விஷயம் இது. வளர்க்கிறது மட்டும்தான் நீ. கணையத்தை வெட்டிக் கண்ணாடித் தகட்டுல வச்சுப் பார்க்கிறது வேற ஆள். எது எந்த எலியோடதுன்னு அவருக்கும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். எலியத்தைக்கு அதில் சம்மதம்தான். தன் ஆசை தன் கண்ணை மறைக்கும் என்று அவளுக்கே பயம்.

அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பார்கள். அப்போது ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, நல்ல எடையுள்ளதை மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வது அவள் போட்ட விதி. நோஞ்சான் குட்டி வேறு எதனாலோ செத்துவைத்தால் முடிவு குழம்பிவிடுமே! காதோரம் துளி வெட்டி எந்தக் குட்டிக்கு அந்த எழுத்து இருக்கிறது என்று சோதிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். யாரும் குறை சொல்ல முடியாதபடி சுத்தமான வேலை என்று மேடம்கூடப் பாராட்டினாள்.

வருஷம் ஒன்று ஓடியது. கண்ணாடித் தகடு பார்க்கிறவர் ஒரு நாள் கூப்பிட்டார். நிதானமான மனிதர். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அரட்டை அடிப்பார். "உன் எலிங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. இது வேற அது வேறன்னு பிரிக்கவே முடியலை. எல்லாக் கணையமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றார். எந்தத் தகடு எந்த எலியுடையது என்று மூடிவைத்திருந்த குறியை மேடம் பிரித்துப் பார்த்தாள். எழுத்து மாறிய எலி, மாறாத எலி, எல்லாம் ஒன்றுபோல ஆரோக்கியம்.

எழுத்து நிரபராதி. அப்படியென்றால் அண்ணன்?

அன்றைக்கே எலியத்தை அவனைத் தேடிப் போனாள். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி ஓரத்தில், லிஃப்ட் மோட்டார் வைத்திருக்கிற சின்ன அறையில் இருந்தான். சுற்றிலும் கிரீஸ் வாடை. பெரிய சக்கரத்தில் கம்பிவடம் பளபளவென்று சுற்றியிருந்தது.

"எலிக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"அப்போ அந்த எழுத்து ஒண்ணும் பண்ணாதா? யார் உடம்புல இருந்தாலும் பண்ணாதா?"

"பண்ணாதுன்னுதான் தெரியுது. அண்ணா, இப்பவாவது உண்மையைச் சொல்லு."

அவன் முகத்தில் என்னவோ தளர்ந்தது. தோள் இறங்கியது. பிடிபட்டவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஆமா, குடிச்சேன்" என்றான். "ரொம்ப நாளா."

அவளுக்கு வந்ததே ஆத்திரம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். உன்னை நம்பி ஒரு வருஷத்தை எலிப் புழுக்கையில் கரைத்தேனே என்றாள். அப்பா புத்திதான் உனக்கும் என்றாள். சொல்லக்கூடாத வார்த்தை அது, சொல்லிவிட்டாள். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அண்ணிக்கு மறைக்க முடியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அண்ணி அழவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முன்னால் இருந்த கண்ணாடியை எடுத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சதுதானே. வக்கீலைப் பார்க்கணும்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க. இனிமே தள்ளிப்போட என்ன இருக்கு?" என்றாள்.

எலியத்தை கிளம்பும்போதுதான் குழந்தை பாத்ரூமிலிருந்து வந்தாள். எட்டு வயசு. கையும் காலும் குச்சி குச்சியாக இருந்தது. போன முறை பார்த்ததைவிட இளைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, இப்படி வாடிப்போயிட்டா?"

"அப்பன் ஏக்கம். சாப்பிடாமலும் இல்லை, நல்லாத்தான் சாப்பிடறா. எதுவும் உடம்புல ஒட்டமாட்டேங்குது. சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்கு ஓடறா. சொல்லவே சங்கடமா இருக்கு, தண்ணியில எண்ணெய் மாதிரி மிதக்குது."

எலியத்தை குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தின்ற கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறினால் எண்ணெய் மாதிரி மிதக்கும். செரிக்காததற்கு முதல் காரணம் கணையம். எட்டு வயசுக் குழந்தை குடிக்குமா? ஆனால் எலி ஆரோக்கியமாக இருக்கிறதே! எலி பொய் சொல்லுமா?

எலி பொய் சொல்லாது. அதைக் கேட்கிறவர்கள்தான் பாதிப் பேச்சில் காதைப் பொத்திக்கொள்வார்கள். மறுநாள் காலை அதைக் கண்ணாலேயே பார்த்தாள்.

அன்றைக்குக் குட்டி பிரிக்கிற நாள். அந்த வம்சம் இன்னும் வளர்ப்பில்தான் இருந்தது. எலிகளைப் பராமரிக்கிற பெண் ஒவ்வொரு குட்டியாக வாலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைத்தாள். நல்ல எடை இந்தப் பெட்டிக்கு, எடை குறைந்தது அந்தப் பெட்டிக்கு. அந்தப் பெட்டியில் நாலைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

"இதுங்க எங்கே போகும்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"மயக்க வாயுப் பெட்டிக்குத்தான். நோஞ்சான் வேண்டாம்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

ஆமாம், இவள்தான் சொன்னாள். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். எழுத்து மாறிய தகப்பனுக்கும் மாறாத தாய்க்கும் பிறந்தால் பாதிக் குட்டிக்கு அந்த எழுத்து வரவேண்டும். அவளுக்குக் கிடைத்ததோ பாதிக்கும் குறைவு. ஏன் குறைவு என்று ஒருமுறை யோசித்தாள்தான். ஏதோ தற்செயல் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நோய் பிடித்த குட்டி சின்ன வயசிலேயே ஒல்லியாகத்தான் இருக்கும், தின்றது ஒட்டாதே! அதையெல்லாம் சோதிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டு, பிழைத்துக் கொழுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பார் பார் எல்லாம் ஆரோக்கியம் என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு, ஊரில் யாருக்கும் காய்ச்சலே இல்லை என்று சொன்ன கதை. ஒரு வருஷமாகப் பதில் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. அவள்தான் வாரம் தவறாமல் அதைக் கொன்றுகொண்டிருந்தாள்.

"இதுங்களைத் தொடாதே" என்றாள். "இனிமே எதையும் ஒதுக்காதே."

மேடமிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். மேடம் கத்துவாள் என்று பார்த்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "விதி போட்டது நீ, சபாஷ் போட்டது நானாச்சே" என்றாள். பிறகு இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள். ஒதுக்கிய குட்டிகளின் காதோரத்தைச் சோதித்தால், அநேகமாக எல்லாவற்றுக்கும் அந்த எழுத்து இருந்தது. ஒருமுறை அரைகுறையாகச் சொன்னது போதும், முழுசாகத் தெரியாமல் அண்ணியிடம் வாய் திறக்கக்கூடாது என்று எலியத்தை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த ஈற்றுக் குட்டிகளை ஒன்று விடாமல் வளர்த்து, கொஞ்சம் பெரிதானதும் கணையத்தைத் தகடு பார்க்கிறவரிடம் கொடுத்தார்கள். எது எந்த எலியுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அரட்டை அடிக்கவில்லை. தகடுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலைத் தொட்டு, "இதுங்க பாவம்மா. கணையமே இல்லை. வெறும் தழும்பும் கொழுப்புமா இருக்கு" என்றார். மேடம் குறியைப் பிரித்தாள். அந்தக் குவியல் மொத்தமும் எழுத்து மாறிய எலிகள்.

உயிரோடு இருந்த நாளில் அவற்றுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! எலிக்கு வலித்தால் கத்தாது. மூலையில் கூனி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நோஞ்சான் என்று பெயர் வைத்தோம் என்று நினைத்தபோது எலியத்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எலிக்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

அழுது முடித்ததும் இன்னொன்று உறைத்தது. எழுத்து குற்றவாளி என்றால் அண்ணன் குடித்திருக்கவே வேண்டாமே! பிறகு எதற்கு ஒத்துக்கொண்டான்?

மறுபடியும் அந்த மோட்டார் அறைக்குப் போனாள். எலிக்கு நோய் வந்துவிட்டது, நான்தான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னதும், அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. தான் யோக்கியன் என்று தெரிந்த மனுஷன் முகமா அது?

"ஏண்ணா குடிச்சேன்னு சொன்னே?"

"நீ வந்து எலிக்கு ஒண்ணும் இல்லைன்னே. எனக்கு வேற எதுவும் காதுல விழலை. என் பொண்ணு தப்பிச்சா, அது மட்டும்தான். அந்த எழுத்து நல்லதுன்னா என் நோவுக்கு வேற காரணம் வேணும்ல? நான் குடிச்சேன்னு சொல்லிட்டா யாரும் மேல தோண்டமாட்டாங்க. குடிகாரன்னு சொல்லிட்டுப் போகட்டுமே எலி. எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

அப்பா புத்தி என்று சொன்ன வாயால் என்ன பேசுவது?

"உன் அண்ணிகிட்ட சொல்லாதே" என்றான். "உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். எலிக்கு ஒண்ணும் இல்லைங்கிறது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"குழந்தை இளைச்சுக்கிட்டே வர்றா அண்ணா. அண்ணி அதை ஏக்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா மாத்திரை இருக்கு, சாப்பாட்டோட கொடுத்தா செரிக்கும், உடம்பு தேறும். தெரியாம விட்டா?" அவன் கையைப் பிடித்தாள். "நான் ஒதுக்கினது போதும். வா, ரெண்டு பேருமே போவோம்."

அன்று சாயங்காலம் அண்ணியின் அம்மா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எலியத்தை பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, ஒதுக்கிய குட்டிகள், இரண்டு குவியல், எண்ணெய் மாதிரி மிதப்பது, எல்லாம். குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பார்த்தால் அதற்கும் மேலேயே இருக்கும்போல, நாளைக்கே ரத்தம் எடுக்கவேண்டும் என்றாள்.

அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்க குடிக்கவே இல்லையா?"

"குடிச்சேன்" என்றான் அண்ணன். "எலி சொல்றதையெல்லாம் நம்பாதே. போன தடவை ஒண்ணு சொல்லுச்சு, இந்தத் தடவை ஒண்ணு சொல்லுது. நான் குடிச்சேன். பொண்ணு மேல சத்தியமா..." மகள் பேரில் பொய்ச் சத்தியம் பண்ண அவனால் முடியவில்லை.

"குடிக்கலை குடிக்கலைன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க. அப்போ நம்பலை" என்றாள் அண்ணி. "இப்போ குடிச்சேன்னு சொல்றீங்க. இதையும் நான் நம்பமாட்டேன், போங்க."

"குடிச்சேன்னே வச்சுக்கோயேன்" என்று அவன் கெஞ்சினான். "உனக்கு என்ன நஷ்டம்? குடிச்சேன்னே வச்சுக்கோ." கெஞ்சிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டான். அண்ணி, "பாவி மனுஷா" என்று சொல்லி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எலியத்தை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுக் குழந்தை பென்சிலோடு ஓடிவந்தாள். "எலியத்தை, அப்பா ஏன் அழறாரு?"

அண்ணிதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவுக்கு வயித்துவலிடா."

"எனக்கும்தான் வலிக்குது" என்றாள் குழந்தை. "நான் அழறேனா?"

சொல்லிவிட்டு அப்பன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கேடா வலிக்குது, காட்டு" என்றான். குழந்தை சட்டையைத் தூக்கி, நெஞ்சுக்குழிக்குக் கீழே விரலை வைத்தாள். அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகிலும் ஓர் இடத்தைக் காட்டினாள். அவன் தன் பெரிய உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்திக்கொடுத்தான். எப்படி அழுத்தினால் கொஞ்சம் அடங்கும் என்று அவனுக்குத் தெரியும்.